சின்ன எழுத்தில் பதினோரு நிமிடம்

அத்தியாயம் 9

துலுக்கானம் காகிதத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“நேரா பிடிங்கண்ணே,” என்றாள் அருள்மொழி.

“எப்டி புடிச்சாலும் எனக்கு ஒண்ணுதான் மேடம். நான் இன்னா படிக்கவா போறேன்? சும்மா பாத்துகினு கீறேன்.”

அம்பத்தூர் ஓ.டி.யில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் இருந்தது அருள்மொழியின் துப்பறியும் அலுவலகம். ஒரு மேஜை, மூன்று நாற்காலி, கீழேயிருந்து ஏறிவரும் சூடான மை வாசனை. பதினெட்டு வருஷம் ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டிய துலுக்கானம், அவளிடம் உதவியாளராகச் சேர்ந்து நான்கு வருஷம் ஆகிறது. ஐம்பத்திரண்டு வயது. பேச்சை நிறுத்துங்கள் என்றால் ஆட்டோவை நிறுத்துவார். பேச்சு மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும்.

அன்று காலை அவள் மோகன் வழக்கின் ஃபைலை மூடி நாடா கட்டிக்கொண்டிருந்தாள். தோற்றுப்போன வழக்கு.

மோகன் அண்ணனூர்க்காரர். துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களுக்கு ஆளையும் சாமானையும் கொண்டுபோகும் லாஞ்ச் என்ற மோட்டார் படகை ஓட்டுபவர். தை மாதத்து மூடுபனியில் ஒருநாள் காலை ஆறு பத்துக்கு, அவர் ஓட்டிவந்த லாஞ்ச் அலைத்தடுப்புக் கற்களில் மோதிப் பிளந்தது. முன்பக்கம் கயிறு சுற்றிக்கொண்டிருந்த சின்னசாமி, படகுக்கும் கல்லுக்கும் நடுவே நசுங்கி இறந்துபோனார். சின்னசாமிக்கும் வீடு அண்ணனூரில்தான், இரண்டு தெரு தள்ளி. அவரை அந்த வேலைக்குச் சேர்த்துவிட்டதே மோகன்தான்.

“திரையில படகு நடுத்தண்ணியில இருந்துச்சு மேடம். கல்லு எங்கயோ தூரத்துல காட்டிச்சு,” என்று மோகன் முதல் நாளே சொல்லியிருந்தார்.

படகு இருக்கும் இடத்தை வரைபடத்தில் காட்டும் அந்தத் திரைக்குத் தகவல் கொடுத்தது ஒரு சின்னப் பெட்டி. அம்பத்தூர் எஸ்டேட்டில் இருக்கும் ‘திசைமணி மரைன்’ என்ற கம்பெனியின் தயாரிப்பு. படகில் இருக்கும் பழைய கருவிகள் ஒரு பாஷை பேசும், புதிய கருவிகள் வேறொரு பாஷை பேசும். செயற்கைக்கோளைக் கேட்டு இடம் சொல்லும் பழைய ஆன்டெனாவின் பேச்சை, புதிய திரைக்குப் புரிகிறமாதிரி மொழிபெயர்ப்பதுதான் பெட்டியின் வேலை. கேட்டதையெல்லாம் அது தன் ஞாபகத்திலும் பதிந்து வைத்துக்கொள்ளும். அந்தப் பதிவை கம்பெனி விசாரணை அதிகாரியிடம் கொடுத்திருந்தது. பதிவின்படி ஆன்டெனா கடைசி நிமிடம்வரை சரியான இடத்தைத்தான் சொல்லியிருக்கிறது. படகு கல்லை நோக்கி நேராகப் போயிருக்கிறது. மோகன் தூங்கிவிட்டார் என்றது கம்பெனி.

பதிவை கம்பெனி மாற்றியிருக்கலாம் அல்லவா? அதைக் கண்டுபிடிக்க அருள்மொழிக்குக் கிடைத்த துணை ரோஷினி. துப்பறிய வருவதற்கு முன்னால் அருள்மொழி மின்னணுக் கருவிகளைச் சோதிக்கும் லேபில் வேலை பார்த்தவள். அப்போது பக்கத்து நாற்காலி ரோஷினியுடையது. பதினாலு வருஷச் சிநேகிதம். ரோஷினி இப்போது திசைமணியில்தான் வேலை செய்கிறாள். மூன்று வாரம் முன்பு கம்பெனி கேட்டில் நின்று கத்திக்கொண்டிருந்த மோகனை டீக்கடைவரை பின்தொடர்ந்துபோய், அருள்மொழியின் நம்பரைக் கொடுத்தவளே அவள்தான்.

“என் வேலை போனாலும் பரவாயில்ல அருள். அந்த மனுஷனுக்கு உண்மை தெரியணும்,” என்றவள், யாருக்கும் தெரியாமல் பெட்டியின் அசல் பதிவைப் பென் டிரைவில் எடுத்தும் வந்தாள். துலுக்கானம் பிடித்திருந்த காகிதம் அதன் பிரிண்ட். அசலும் கம்பெனி கொடுத்ததும் ஒரு புள்ளி மாறாமல் ஒன்றாகவே இருந்தன. சொல்லும்போது ரோஷினிக்குக் கண் கலங்கியது.

நேற்று மாலை அருள்மொழி மோகனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, “கண் அசந்திருப்பீங்க மோகன். ஒத்துக்கிட்டா தண்டனை குறையும்,” என்று சொல்லிவிட்டாள். அவர் சண்டை போடவில்லை. “சரி மேடம்” என்று எழுந்து போய்விட்டார். நாளை மறுநாள் விசாரணை.

“மேடம், ஆறு பத்துக்கு இடிச்சான்னு சொன்னீங்க. இதுல பூஜ்யம் நாப்பதுனு போட்டுகீது?”

“இந்த மிஷினுங்க எந்தக் கடல்ல இருந்தாலும் லண்டன் மணிதான் சொல்லும். நம்ம மணிக்கு அஞ்சரை கூட்டிக்கணும்.”

“வெள்ளைக்காரன் போனான், மணிய உட்டுட்டுப் போய்ட்டான். சரி, ஒவ்வொரு வரி முடிவுலயும் ஒரு பூ போட்டு ரெண்டு எழுத்து கீதே, அது இன்னாது?”

“பூ இல்ல, நட்சத்திரம். பின்னால வர்றது சரிபார்ப்பு எழுத்து. அந்த வரியில இருக்கிற எல்லாத்தையும் ஒரு கணக்கு போட்டா ரெண்டு எழுத்து வரும். கேட்கிற மிஷினும் அதே கணக்கைப் போட்டுப் பார்க்கும். ஒத்துப்போச்சுன்னா வரியை நம்பும், இல்லன்னா தூக்கிப் போட்டுடும்.”

“கல்யாண மண்டபத்துல தாம்பூலப் பை டோக்கன் மாதிரி.”

“அப்படித்தான் வச்சுக்குங்க. எல்லா வரிக்கும் கணக்கு ஒத்துப்போகுது. ரோஷினி பார்த்துட்டா.”

“கணக்கு ஒத்துப்போவுது மேடம், மூஞ்சி ஒத்துப்போவலையே.” அவர் காகிதத்தை மேஜைமேல் வைத்தார். “மேல பாருங்க, ஏணி மாதிரி கால அகட்டிகினு நிக்கிற எழுத்து. இங்க வந்தா அதே எழுத்து தொப்பையும் வாலுமா கீது. நடுவுல ஒரு பக்கம் பூரா இப்டித்தான். அப்புறம் கடைசியில திரும்ப ஏணி வந்துடுது. மிஷினு இன்னா, பாதியில டீ குடிக்கப் போச்சா?”

அருள்மொழி காகிதத்தைப் பிடுங்கினாள்.

சரிபார்ப்பு எழுத்து சில வரிகளில் வெறும் எண்ணாக இருக்கும். சில வரிகளில் ஏ முதல் எஃப் வரை ஏதாவது ஓர் எழுத்து சேர்ந்து வரும். அன்று காலை முழுக்க அந்த எழுத்துகள் கேப்பிடலில் இருந்தன. ஐந்து ஐம்பத்தொன்பதிலிருந்து ஆறு பத்துவரை, சரியாகப் பதினோரு நிமிடத்துக்கு மட்டும், சின்ன எழுத்து. கணக்குப் போடும் புரோகிராமுக்கு இரண்டும் ஒன்றுதான் என்பதால் சோதித்தபோது தப்பே காட்டவில்லை. கணக்கே தெரியாத ஆள் வெறும் கண்ணால் பார்த்தபோது காட்டிவிட்டது.

“அண்ணே,” என்றாள் மெதுவாக, “பெட்டி சின்ன எழுத்தே எழுதாது. இந்தப் பதினோரு நிமிஷத்தையும் யாரோ வேற புரோகிராம்ல எழுதி ஒட்டியிருக்காங்க.”

“அப்போ உங்க சிநேகிதி அசல்னு குடுத்தது?”

“பாவம், அவளையும் ஏமாத்தியிருக்காங்க. அவ எடுக்கறதுக்கு முன்னாடியே மாத்தி வச்சுட்டாங்க.”

மாற்றியதைக் காட்டினால் மட்டும் போதாது. மாற்றுவதற்கு முன் என்ன இருந்தது என்றும் காட்ட வேண்டும். அருள்மொழிக்கு லேப் நாட்களில் மனப்பாடமான விதி ஒன்று நினைவுக்கு வந்தது. அந்தப் பழைய பாஷையில் ஒரு கம்பியில் ஒருவர்தான் பேசலாம். எத்தனை பேர் வேண்டுமானாலும் கேட்கலாம். ஆன்டெனா பேசியதைப் பெட்டி கேட்டது சரி. வேறு யார் கேட்டுக்கொண்டிருந்தார்கள்?

மோகனுக்குப் போன் போட்டாள். ஆறு தடவை மணி அடித்த பிறகு எடுத்தார்.

“மோகன், அந்த ஆன்டெனா ஒயர்ல வேற ஏதாவது மிஷின் சேர்த்திருந்ததா?”

“ஆழம் பார்க்கற மிஷின் ஒண்ணு இருந்துச்சு. மீன் தேடறதுக்கு போட்ல வைப்பாங்களே, அது. உடைஞ்ச சாமானோட ஓனர் தள்ளிட்டாரு. வானகரத்துல ஜெயராமன்னு ஒருத்தர், மீன் மார்க்கெட் பக்கத்துல ரிப்பேர் கடை. அங்க கீதுன்னு சொன்னாங்க.” குரலில் உயிரே இல்லை. “இனிமே அது எதுக்கு மேடம்?” வைத்துவிட்டார்.

அவளால் சந்தோஷத்தை அடக்க முடியவில்லை. ரோஷினிக்கு மெசேஜ் போட்டாள்: ‘ரோ! உன் கம்பெனியில உன்னையே ஏமாத்தியிருக்காங்க. பதிவு மாத்தினது. அதே ஒயர்ல கேட்ட இன்னொரு மிஷின் வானகரம் ஜெயராமன் கடையில இருக்கு. இதோ கிளம்பறேன்.’

பதில் உடனே வந்தது: ‘சூப்பர்டி! ஆனா காலையில இருந்து ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டே. சாப்பிட்டுட்டுப் போ. ப்ளீஸ்.’

ரோஷினி சொன்னதற்காகவே எதிர்க்கடையில் நான்கு இட்லி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினாள் அருள்மொழி.

*

வானகரத்துக்குக் கடல் வருவதில்லை. மீன் வரும். விடியற்காலையில் ஐஸ் பெட்டிகளோடு வரும் வண்டிக்காரர்கள், கூடவே படகுக்காரர்களின் கெட்டுப்போன கருவிகளையும் கொண்டுவந்து ஜெயராமனிடம் இறக்கிவிட்டுப் போவார்கள். மார்க்கெட் ஓய்ந்து, தரை கழுவிய தண்ணீர் ரோட்டோரம் வழிந்துகொண்டிருந்த நேரத்தில் துலுக்கானத்தின் ஆட்டோ அந்தக் கடைமுன் நின்றது.

ஜெயராமன் சால்டரிங் புகைக்குப் பின்னாலிருந்து தலையைத் தூக்கினார். விஷயத்தைக் கேட்டதும் கையை விரித்தார்.

“உடைஞ்ச லாஞ்சு மிஷினா? இப்பத்தாங்க ஒருத்தன் பைக்ல வந்து வாங்கிகினு போனான். கால் மணி நேரம் இருக்கும்.”

“யாரு?”

“யாரு கண்டா? ஹெல்மெட்டைக்கூடக் கழட்டலை. ஓட்டை மிஷினுதான் நைனா, வேற நல்லது தர்றேன்னேன். இல்ல, அந்த லாஞ்சு மிஷினுதான் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னான்.”

துலுக்கானம் ஒரு பெருமூச்சு விட்டார். “நாம ஏறவேண்டிய பஸ்ஸுல நமக்கு முன்னாடியே எவனோ ஏறிட்டான் மேடம்.” பிறகு கொஞ்சம் யோசித்து, வழக்கமான கேலி இல்லாமல் கேட்டார். “இங்க வர்றது எத்தினி பேருக்குத் தெரியும்? நானு, நீங்க, மோகன். மோகன் தனக்குத் தானே குழி தோண்டிக்க மாட்டான். நான் உங்க கூடவே கீறேன். நீங்க வேற யார்கிட்டயாச்சும் சொன்னீங்களா?”

அருள்மொழி கையில் இருந்த போனைப் பார்த்தாள். ‘சாப்பிட்டுட்டுப் போ. ப்ளீஸ்.’

அப்போதுதான் அந்தப் பழைய விஷயம் மேலெழுந்து வந்தது. லேபில் ரோஷினி எழுதும் புரோகிராம்கள் எல்லாம் சரிபார்ப்பு எழுத்தைச் சின்ன எழுத்தில்தான் அச்சடிக்கும். விதிப்படி கேப்பிடலில் இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் திருத்துவது அருள்மொழி. “கணக்கு சரியா வருதில்ல? விடுடி,” என்று சிரிப்பாள் ரோஷினி. காலையில் அந்தக் காகிதத்தைப் பிடுங்கிப் பார்த்தபோதே தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தும் இருந்தது. உள்ளே ஏதோ ஒன்று அதைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

அந்த நான்கு இட்லி சாப்பிட்ட நேரம்தான் பைக்காரனுக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது.

“இன்னாம்மா, மூஞ்சி இப்டி வெளுத்துப் போச்சு?” என்றார் ஜெயராமன். “மிஷினுதானே போச்சு. அதுல இருந்த மெமரி கார்டு வேணும்னா கீது.”

இருவரும் ஒரே நேரத்தில் அவரைப் பார்த்தார்கள்.

“மிஷினு உள்ள வந்த அன்னிக்கே கார்டை உருவிட்டேன். நல்ல கார்டு, எதுக்கு வீணாக்கணும்? போன மார்கழில இதே மிஷினு அப்பப்போ உளறுதுன்னு கொண்டாந்தாங்க. கோளாறு எங்கன்னு பார்க்க, காதுல வுழுறது எல்லாத்தையும் கார்டுல எழுதி வைன்னு நான்தான் செட்டிங் போட்டு அனுப்பினேன். அது பாட்டுக்கு எழுதிகினே இருந்திருக்கும்.”

“அண்ணாத்தே,” என்றார் துலுக்கானம், “உன் கால எங்க கீதுன்னு காட்டு, வுழுந்து கும்பிடறேன்.”

“கால வேற கழுவல. கார்டை எடுத்துக்க.”

ஜெயராமனின் பழைய லேப்டாப்பில் கார்டைச் செருகினார்கள். வரிகள் மளமளவென்று இறங்கின. அருள்மொழி ஐந்து ஐம்பத்தொன்பதைத் தேடிப் பிடித்தாள். எல்லாம் கேப்பிடல் எழுத்து. ஒவ்வொரு வரியிலும் மணிக்கு அடுத்தாற்போல் ஒற்றை எழுத்து ஒன்று இருக்கும். அது ‘ஏ’ என்றால் ‘நான் சொல்லும் இடத்தை நம்பு’ என்று அர்த்தம். ‘வி’ என்றால் ‘எனக்குச் செயற்கைக்கோள் தெரியவில்லை, என்னை நம்பாதே’.

ஐந்து ஐம்பத்தொன்பதிலிருந்து கீழே வரிசையாக வி, வி, வி.

பதினோரு நிமிடம் அந்த ஆன்டெனா என்னை நம்பாதே, என்னை நம்பாதே என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. மொழிபெயர்க்க வேண்டிய பெட்டி அந்த ஓர் எழுத்தை மட்டும் விழுங்கிவிட்டது. கடைசியாகத் தெரிந்த திசையில், கடைசியாகத் தெரிந்த வேகத்தில் படகு போகிறது என்று தானாக வைத்துக்கொண்டு, திரையில் படகை நடுத்தண்ணீரில் நகர்த்திக் காட்டியிருக்கிறது. மோகன் அதைப் பார்த்துத்தான் மூடுபனியில் திருப்பினார்.

“தூங்கலை,” என்றாள் அருள்மொழி. “அந்த ஆள் தூங்கவே இல்லண்ணே.”

கார்டின் பிரதி ஒன்றை அங்கிருந்தே விசாரணை அதிகாரிக்கு அனுப்பினாள். கார்டை ஒரு கவரில் போட்டு ஒட்டி, கிடைத்த விவரத்தை எழுதி ஜெயராமனிடம் கையெழுத்து வாங்கினாள். அதிகாரி போனில் கூப்பிட்டு, “நாளை காலை அசலைக் கொண்டுவாருங்கள்” என்றார்.

“நேரா அண்ணனூர்தானே?” என்று ஆட்டோவைக் கிளப்பினார் துலுக்கானம்.

“முதல்ல பருத்திப்பட்டு.”

அவர் பூந்தமல்லி தாண்டி ஆவடி ரோட்டில் திரும்பும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. நான்கு வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

*

ஏரியைப் பார்த்த அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்றாவது மாடி. அன்று வீட்டிலிருந்தே வேலை என்று ரோஷினி காலையில் சொல்லியிருந்தாள். கதவைத் திறந்தவள், “அருள்!” என்று சிரிக்கத் தொடங்கி, துலுக்கானத்தைப் பார்த்ததும் பாதியில் நிறுத்தினாள்.

அவளுக்குப் பின்னால், சாப்பாட்டு மேஜைமேல், ஜெயராமன் கடையிலிருந்து பைக்கில் போன அந்த மிஷின் முதுகு திறந்து கிடந்தது. கழற்றிய திருகுகள் ஒரு டிபன் பாக்ஸ் மூடியில் இருந்தன.

“கார்டு அதுல இல்ல, ரோ,” என்றாள் அருள்மொழி.

ரோஷினி நடிக்கவில்லை. கதவை அகலமாகத் திறந்துவிட்டுப் போய் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“படிச்சுட்டியா?”

“படிச்சுட்டேன். பெட்டியோட புரோகிராம்ல, ‘வி’ வந்தா நிறுத்த வேண்டிய வரியை யார் எடுத்தது?”

“நான்தான். சோதிக்கறப்போ லேபுக்குள்ள சிக்னல் வராது. ஒவ்வொரு தடவையும் நின்னு நின்னு போச்சு. தொந்தரவா இருக்குன்னு அந்த வரியை நிறுத்தி வச்சேன். திருப்பிப் போட மறந்துட்டேன்.” விரல்களைப் பிசைந்தாள். “ஒரே ஒரு வரி, அருள்.”

“சின்னசாமி செத்துட்டார்.”

“தெரியும்! எனக்குத் தெரியாதா? பெட்டியோட ஞாபகத்தைத் திறந்து முதல்ல பார்த்தவ நான்தான். எம்.டி. கதவைச் சாத்திட்டு ஒண்ணுதான் கேட்டார். ‘இது வெளிய போனா முழுசா உன்மேலதான் விழும், என்ன பண்ணப் போறே?’ன்னு. வீட்டுக்கு வந்து ஒரே நாள்ல அந்தப் பதினோரு நிமிஷத்தை எழுதினேன்.”

“மோகனை எதுக்கு என்கிட்ட அனுப்பினே?”

ரோஷினி ஏரிப்பக்கம் பார்த்தாள்.

“சொல்லு ரோ. கேட்ல கத்திட்டிருந்த ஆளைத் தேடிப் போய் என் நம்பரை ஏன் கொடுத்தே? எனக்குப் புரியாத இடம் அது ஒண்ணுதான்.”

“அவர் எப்படியும் யார்கிட்டயாவது போயிருப்பார்,” என்றாள் ரோஷினி தணிந்த குரலில். “யார்கிட்ட போனாலும் அவங்க பதிவை ஒரு எக்ஸ்பர்ட்கிட்ட கொடுத்துச் சோதிப்பாங்க. நீ என்கிட்ட கொடுப்பே. நான் சரின்னு சொன்னா அதுக்கு மேல பார்க்க மாட்டே. நீ பார்க்க மாட்டேன்னு எனக்குத் தெரியும்.”

அடி எங்கே விழுந்தது என்று அருள்மொழிக்கு உடனே தெரியவில்லை. ரோஷினியின் கண் கலங்கியது ஞாபகம் வந்தது. வேலை போனாலும் பரவாயில்லை என்றது ஞாபகம் வந்தது. லேப் நாட்களில் அருள்மொழிக்குக் காய்ச்சல் வந்தபோது மண்ணூர்பேட்டை வாடகை அறையில் மூன்று நாள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவள் இதே ரோஷினிதான். அதுவும் பொய் இல்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

“பதினாலு வருஷம், அருள்,” என்றாள் ரோஷினி. இப்போது நிஜமாகவே அழுதாள். “அதுக்காகவாவது ரெண்டு நாள் பொறுத்துக்கோ. நான் ஏதாவது பண்றேன்.”

“அந்தப் பதினாலு வருஷத்தை நம்பித்தானே நீ இதைப் பண்ணினே?”

துலுக்கானம் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். “ஒண்ணே ஒண்ணு கேக்கலாமா?” என்றார். “அந்தப் பொட்டி இன்னும் எத்தினி படகுல கீதும்மா?”

ரோஷினி அவரை முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள். “நூத்தி நாற்பது.”

“இன்னிக்கும் ஓடிகினு கீதா?”

“அடுத்த மாசம் அப்டேட்ல சரி பண்ணிடலாம்னு…”

“அடுத்த மாசம்வரைக்கும் பனி பெய்யாதுன்னு சொல்லி வச்சிருக்கியா?”

அருள்மொழி மேஜைமேல் இருந்த லேப்டாப்பை ரோஷினியின் பக்கம் தள்ளினாள். “எல்லாருக்கும் இப்பவே எழுது. உன் பேர்ல. பெட்டியை நம்பாதீங்க, கழட்டி வைங்கன்னு. முடிக்கிறவரைக்கும் நான் இங்கயே நிக்கறேன்.”

“எம்.டி.யைக் கேட்காம அனுப்பினா…”

“பதிவு அதிகாரிகிட்ட போய்ச் சேர்ந்து ரெண்டு மணி நேரம் ஆச்சு ரோ. இனிமே நீ காப்பாத்தறதுக்கு அங்க ஒண்ணும் மிச்சமில்லை. தண்ணியில இருக்கறவங்களையாவது காப்பாத்து.”

எழுதி முடிக்க இருபது நிமிடம் ஆனது. பட்டனை அழுத்தியதும் ரோஷினி நாற்காலியைப் பின்னால் தள்ளினாள்.

“இப்ப உனக்குச் சந்தோஷமா?” என்றாள்.

அருள்மொழி மேஜைமேல் இருந்த மிஷினைப் போட்டோ எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். கீழே வந்ததும் ஆட்டோவில் ஏறாமல் கம்பியைப் பிடித்தபடி கொஞ்சநேரம் நின்றாள். துலுக்கானம் சீட்டுக்கு அடியிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினார்.

“நானும் அவங்களை நல்ல பொண்ணுன்னுதான் நினைச்சேன் மேடம்,” என்றார். “தப்பு உங்களுது மட்டும் இல்ல.”

“மோகன்கிட்ட அதைச் சொல்ல முடியாதுண்ணே.”

*

அண்ணனூரில் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் தெருவை அடைத்துக்கொண்டு வந்தார்கள். மின்சார ரயில் ஷெட்டிலிருந்து ஒரு வண்டி ஊதியது. மோகனின் மனைவி சாவித்திரி வாசலிலேயே எதிர்ப்பட்டாள்.

“காலையில முத்தம்மா ஊட்டுக்குப் போய்ட்டு வந்தாரு. வந்ததுல இருந்து அப்டியே குந்திகினு கீறாரு.” முத்தம்மாள் இறந்துபோன சின்னசாமியின் மனைவி.

மோகன் உள்ளே சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். ஒரே நாளில் பத்து வயது கூடியிருந்தது. அருள்மொழி அவர் எதிரில் தரையிலேயே உட்கார்ந்தாள். பதிவு மாற்றப்பட்டது, கார்டு கிடைத்தது, ஆன்டெனா பதினோரு நிமிடம் நம்பாதே என்று சொன்னது, பெட்டி அதை விழுங்கியது, எல்லாவற்றையும் எளிய வார்த்தைகளில் சொன்னாள். கடைசியாக, “நீங்க தூங்கலை மோகன். முதல்ல இருந்தே நீங்க சொன்னதுதான் உண்மை,” என்றாள்.

மோகன் சிரிக்கவில்லை. அழவும் இல்லை. 

“நேத்து நீங்க சொன்னப்போ நான் நம்பலை மேடம். ஊட்டுக்கு வந்து குந்தி யோசிச்சேன். படிச்சவங்க, நமக்காக அலையறவங்க, அவங்களே சொல்றாங்களே. கண்ணு அசந்துச்சா, அசந்துச்சான்னு திரும்பத் திரும்ப நினைச்சுப் பார்த்தேன்.” முழங்காலைக் கட்டிக்கொண்டார். “விடியறதுக்குள்ள ஞாபகம் வந்துடுச்சு மேடம். தலை தொங்கினது, சின்னசாமி ‘அண்ணே’ன்னு கூப்பிட்டது, நான் எழுந்திருக்காதது. எல்லாம் நடந்த மாதிரியே ஞாபகம் வந்துடுச்சு. அதை அப்டியே போய் முத்தம்மா கால்ல வுழுந்து சொல்லிட்டு வந்தேன்.”

அருள்மொழி அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

“அது நடக்கவே இல்லைன்றீங்க. சரி. ஆனா இப்பவும் கண்ண மூடினா அதுதான் தெரியுது.”

“என்மேலதான் தப்பு மோகன். நான் இன்னொருத்தரை நம்பினேன். உங்களை நம்பியிருக்கணும்.”

“ஆமா மேடம்,” என்றார் மோகன். கோபம் இல்லை, பரவாயில்லை என்றும் அவர் சொல்லவில்லை. எழுந்து சட்டையை மாட்டினார். “வாங்க. என்கிட்ட சொன்னதை முத்தம்மாகிட்ட சொல்லுங்க. நான் சொன்னா இனிமே அது நம்பாது.”

இரண்டு தெருவையும் நடந்தே கடந்தார்கள். முத்தம்மாள் குழாயடியில் குடம் நிரப்பிக்கொண்டிருந்தாள். மோகனைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அருள்மொழி மறுபடியும் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். குடம் நிரம்பி வழிந்தது. துலுக்கானம் குனிந்து குழாயை மூடினார்.

முத்தம்மாள் முழுவதையும் கேட்டாள். மோகனை ஒருமுறை பார்த்தாள். பிறகு அருள்மொழியின் பக்கம் திரும்பினாள்.

“இவரு இல்லைன்னா, அப்போ யாரு?”

கம்பெனி என்று சொல்லிவிடலாம். பெட்டி என்றுகூடச் சொல்லலாம். அதில் பொய்யும் இல்லை. அருள்மொழியின் வாயில் ‘ரோ’ என்ற ஓரெழுத்துச் செல்லப்பெயர்தான் முதலில் வந்தது. அதை விழுங்கினாள்.

“ரோஷினின்னு ஒருத்தங்க,” என்றாள். “பருத்திப்பட்டுல இருக்காங்க. எனக்கு நல்லா தெரிஞ்சவங்க.”